தோட்டத்துப் பழைய பொருள்களை இணையத்தில் விற்று வெளிநாட்டுக்கு அனுப்புவது எப்படி?

கேள்வி — சுங்கை சிப்புட் வாசகி

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். எங்கள் வட்டாரத்துக் கித்தா (ரப்பர்) தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறிவிட்டன. சில நிலங்கள் வீடமைப்புக்குப் போய்விட்டன. லயத்து வீடுகளில் மூன்று தலைமுறையாக இருந்த குடும்பங்கள் பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளான தாமான்களுக்குக் குடிபெயரும்போது, புதிய வீட்டில் வைக்க இடமில்லை என்ற ஒரே காரணத்தால் பாட்டி காலத்துச் சாமான்களை இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். எனாமல் டிபன் கேரியர், பித்தளை அண்டா, குத்துவிளக்கு, மண்ணெண்ணெய் பம்பு விளக்கு, கைத்தையல் இயந்திரம், தமிழ்ப் பட இசைத்தட்டு, பால்வெட்டுக் கத்தி என்று எத்தனையோ பொருள்கள் இப்படி நசுக்கப்பட்டு உலைக்குப் போகின்றன. இவற்றுள் நல்ல நிலையில் இருப்பவற்றை வீடு மாறுவோரிடமும் இரும்புக் கடைக்காரரிடமும் விலைக்கு வாங்கி, துடைத்துச் சீராக்கி, முடா, கரோசெல் ஆகிய இணையச் சந்தைகளில் விற்று வருகிறேன். உள்நாட்டு விற்பனையில் எனக்குச் சிரமம் ஏதும் இல்லை.

இப்போது மெல்பர்னில் வசிக்கும் ஓர் அம்மையார் இரண்டு பொருள்களைக் கேட்டிருக்கிறார். ஒன்று, நான்கு அடுக்கு எனாமல் டிபன் கேரியர். வெள்ளை நிறம், பச்சை விளிம்பு. இரண்டாம் அடுக்கின் அடியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு எனாமல் பெயர்ந்து கறுப்பு இரும்பு தெரிகிறது. பிடியின் நடுவே உருட்டிய மரக்கட்டை ஒன்று இருக்கிறது. மூடியில் பழைய உரிமையாளரின் பெயரெழுத்துகள் தமிழில் வெட்டப்பட்டுள்ளன. மற்றொன்று முழங்கை உயரமுள்ள பித்தளைக் குத்துவிளக்கு. எண்ணெய்ப் பிசுக்கும் புகைக்கறையும் இன்னும் போகவில்லை.

அவர் தந்தையார் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவராம். இத்தகைய கேரியரில்தான் தமக்குப் பள்ளிக்குச் சோறு வந்தது என்று எழுதினார். விலையில் பேரம் பேசவில்லை. ஆனால் பார்சலின் மேல் 'அன்பளிப்பு' என்றும், மதிப்பைக் குறைத்தும் எழுதச் சொல்கிறார். அப்படி எழுதலாமா என்பது எனக்குத் தெரியவில்லை. அனுப்பும் செலவை எப்படிக் கணக்கிடுவது, எப்படிக் கட்டினால் உடையாமல் போய்ச் சேரும், ஈபே போன்ற தளத்தில் விற்பது நல்லதா நேரடியாக விற்பது நல்லதா என்பவற்றையும் அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன். இந்த ஒரு விற்பனையோடு நிறுத்தாமல் இதை முறையான தொழிலாகச் செய்யவே விரும்புகிறேன்.

மறுமொழி — தைப்பிங் பழம்பொருள் வணிகர்

சகோதரிக்கு வணக்கம். வெளிநாட்டு விற்பனையில் நான் கடைப்பிடிக்கும் முதல் விதி, விலை பேசுவதற்கு முன்பே பெட்டியைக் கட்டிப் பார்ப்பதுதான். பொருளை வாங்குவதற்கு முன்பே பெட்டியின் அளவை மனத்தில் போட்டுப் பார்க்கக் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. உள்நாட்டில் அஞ்சல் செலவு விலையில் ஒரு சிறு பங்கு. வெளிநாட்டுக்கு அனுப்பும்போது அது பொருளின் விலையையே தாண்டிவிடும். ஆகவே நீங்கள் இரும்புக் கடையில் நிற்கும்போது எடுக்கும் முடிவே இத்தொழிலின் லாபத்தைத் தீர்மானிக்கிறது.

கூரியர் நிறுவனங்கள் உண்மையான எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்துக் கொள்அளவு எடை ஒன்றைக் கணக்கிடுவார்கள். இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். உங்கள் டிபன் கேரியரைச் சுற்றிலும் போதிய மெத்தை வைத்துக் கட்டினால் பெட்டி ஏறக்குறைய 45க்கு 25க்கு 25 என்ற அளவில் வரும். பெருக்கினால் 28,125, வகுத்தால் 5.6 கிலோ. பெட்டியோடு சேர்த்து அது 2.5 கிலோதான் இருந்தாலும் நீங்கள் 5.6 கிலோவுக்குப் பணம் கட்டுகிறீர்கள். அஞ்சலில் சிறு பொட்டலமாக அனுப்பினால் கட்டணம் குறையும். ஆனால் அதற்கு 2 கிலோ என்ற எடை வரம்பும், மூன்று பக்கங்களின் கூட்டுத்தொகை 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற அளவு வரம்பும் உண்டு. மேலே சொன்ன பெட்டி 95 வருகிறது. கேரியர் பார்சலாகவோ ஈ.எம்.எஸ். என்னும் விரைவு அஞ்சல் வழியாகவோதான் போக வேண்டியிருக்கும். போஸ் மலேசியாவின் இணையதளத்திலுள்ள கட்டணக் கணிப்பானில் நாட்டையும் எடையையும் அளவையும் இட்டுப் பார்த்து, அதோடு இரண்டு கூரியர் நிறுவனங்களின் விலையையும் கேட்டுவிட்டுப் பிறகு அந்த அம்மையாரிடம் மொத்தத் தொகையைச் சொல்லுங்கள்.

இதனால்தான் 2 கிலோவுக்குள் அடங்கும் பொருள்களை நான் பெரிதும் விரும்புகிறேன். கைக்கடிகாரம், சிறிய பித்தளைச் சொம்பு, காமாட்சி விளக்கு, பழைய நாணயம், ஃபிலிம் கேமரா, இசைத்தட்டு ஆகியவை அந்த வரம்புக்குள் வசதியாக அடங்குகின்றன. தையல் இயந்திரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை உள்நாட்டிலேயே விற்றுவிடுங்கள். வார்ப்பிரும்பின் கனம் கட்டணத்தை விழுங்கிவிடும். வழியில் ஒருமுறை கீழே போட்டால் அடித்தட்டு விரிந்துபோகும். ஜப்பானியர் காலத்து வாழைமர நோட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை: 1942 முதல் 1945 வரை அவை ஏராளமாக அச்சிடப்பட்டதால் சாதாரண நோட்டுக்குப் பெரிய விலை கிடைக்காது. வீடு மாறும் பெரியவர்கள் அவற்றை மிகுந்த நம்பிக்கையோடு எடுத்து வருவார்கள். உண்மை நிலவரத்தைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

இனி, கட்டும் முறை. நான்கு அடுக்குகளையும் சட்டத்தில் கோத்தபடியே அனுப்பக் கூடாது. கோத்தபடி அனுப்பினால் விளிம்பும் விளிம்பும் உரசி, அதுவரை நன்றாக இருந்த எனாமலும் சில்லுசில்லாகப் பெயர்ந்துவிடும். ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே மெல்லிய தாளில் சுற்றி, அதன்மேல் பபிள் ராப் சுற்றி, இடையில் அட்டை வட்டம் ஒன்றை வெட்டி வையுங்கள். அடுக்கின் உட்புறத்தையும் கசக்கிய தாளால் நிரப்புங்கள். இவற்றை ஒரு சிறு பெட்டியில் அசையாதபடி அடக்கி, அந்தப் பெட்டியைப் பெரிய பெட்டிக்குள் எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி இருக்குமாறு வைத்து, இடைவெளியைக் கெட்டியாக நிரப்ப வேண்டும். கட்டி முடித்ததும் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதேனும் நகர்ந்தால் அதைப் பிரித்து மறுபடி கட்டுங்கள். குத்துவிளக்கைப் பொறுத்தவரை, பெரும்பாலானவை திருகிக் கழற்றக் கூடியவை. பாதம், தண்டு, அகல், உச்சியில் உள்ள அன்னம் ஆகியவற்றைக் கழற்றித் தனித்தனியே சுற்றுங்கள். திருகு மரையில் பழைய எண்ணெய் இறுகி இருந்தால் வெந்நீரில் ஊறவைத்துக் கழற்ற வேண்டும். இடுக்கி போட்டுத் திருகினால் பித்தளையில் பல் பதிந்துவிடும்.

விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பொன்போல் ஆக்கிவிடாதீர்கள். பழம்பொருள் சேகரிப்போர் காலம் ஏற்றிய அந்த மங்கல் நிறத்துக்காகவே வாங்குகிறார்கள். சவர்க்காரம் கலந்த வெந்நீரில் பிசுக்கும் கரியும் போகுமளவு கழுவி, நன்றாக உலர்த்தினால் போதும். கேரியர் மூடியில் உள்ள பெயரெழுத்துகளும் அப்படித்தான். அதைக் குறையாகக் கருதாமல், படம் எடுத்து விளம்பரத்தில் முன்னே போடுங்கள்.

இசைத்தட்டு விற்கத் தொடங்கினால், தட்டை அட்டை உறையிலிருந்து வெளியே எடுத்து, உள்ளுறையோடு அட்டைக்குப் பின்னால் வைத்துக் கட்ட வேண்டும். உள்ளேயே விட்டால் பயணத்தில் தட்டின் விளிம்பு அட்டையின் தையலைக் கிழித்துவிடும். 78 சுழற்சித் தட்டுகள் அரக்கால் ஆனவை. கண்ணாடியைப் போல் உடையக் கூடியவை. தொடக்கத்தில் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பாமல் இருப்பதே நல்லது. பம்பு விளக்கானால் மண்ணெண்ணெயை ஒரு சொட்டு விடாமல் வடித்து, தொட்டியைக் கழுவி, மூடியைத் திறந்து வைத்து வாடை முழுவதும் போன பிறகே அனுப்ப முன்வர வேண்டும். அப்போதும் சில நிறுவனங்கள் ஏற்க மறுக்கும் என்பதால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். விளக்கில் ஒளிரும் வலையான மேண்டில் பழையதானால் அதில் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள்.

ஈபேயா நேரடி விற்பனையா என்று கேட்டீர்கள். முன்பின் அறியாத வாங்குபவர் என்றால் ஈபேயையே பரிந்துரைப்பேன். அங்கே விற்று முடிந்த பொருள்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி உண்டு. விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்த்து மயங்காமல், வாங்குபவர்கள் உண்மையில் கொடுத்த விலையை அதில் தெரிந்துகொள்ளலாம். தளத்தின் கட்டணம் பொருளின் விலைக்கு மட்டுமின்றி அஞ்சல் செலவையும் சேர்த்த மொத்தத் தொகைக்கே பிடிக்கப்படுகிறது என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மலேசிய விற்பனையாளருக்குப் பணம் பயோனியர் என்னும் பணப்பரிமாற்றச் சேவையின் கணக்கு வழியாக வருகிறது. ரிங்கிட்டாக மாற்றும்போதும் ஒரு சிறு பகுதி கழியும். எட்சி தளத்தில் பழம்பொருள் என்று விற்க வேண்டுமானால் அது குறைந்தது 20 ஆண்டு பழையதாக இருக்க வேண்டும்.

மறுமொழி — தெலுக் இந்தான், ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்

அன்புள்ள சகோதரிக்கு, கட்டுவது பற்றித் தைப்பிங் நண்பர் தெளிவாக எழுதிவிட்டார். நான் சுங்கப் படிவத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முகப்பில் பணிபுரிந்த காலத்தில், பொருளைப் பார்த்துப் பார்த்துக் கட்டியவர்கள்கூடப் படிவத்தை ஏனோதானோ என்று நிரப்புவதைக் கண்டிருக்கிறேன்.

'அன்பளிப்பு' என்று எழுதாதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு அனுப்பும் பொருள் விற்பனைப் பொருள். படிவத்தில் அதற்கென்று தனிக் கட்டமே இருக்கிறது. கீழே கையொப்பமிடுபவர் நீங்கள் என்பதால் பொய்யான தகவலுக்குப் பொறுப்பும் உங்களுடையதே. அந்த அம்மையார் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் இதனால் அவருக்குப் பெரிய நன்மை ஒன்றும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 1,000 ஆஸ்திரேலிய வெள்ளிக்குக் குறைவான இத்தகைய பொருள்களுக்கு எல்லையில் சுங்க வரி வசூலிப்பதில்லை. 10 விழுக்காட்டு ஜி.எஸ்.டி. வரியை, 2018 ஜூலை 1 முதல் ஈபே போன்ற பெரிய தளங்களே வாங்குபவரிடம் விற்பனையின்போது பிடித்துக்கொள்கின்றன. அதாவது தளத்தில் வாங்கினால் வரி ஏற்கெனவே கட்டப்பட்டுவிடுகிறது. பார்சலில் அன்பளிப்பு என்று எழுதுவதால் அது திரும்பி வராது. மாறாக, 200 ரிங்கிட் பெறும் பொருளுக்கு 20 ரிங்கிட் என்று எழுதி அது வழியில் தொலைந்தால், இழப்பீடு கேட்கும்போது நீங்கள் கையொப்பமிட்ட அந்த 20 ரிங்கிட்டே சான்றாக நிற்கும். இதையே அவரிடம் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். நியாயம் தெரிந்தவர் ஏற்றுக்கொள்வார்.

300 எஸ்.டி.ஆர். (அனைத்துலக நாணய நிதியத்தின் கணக்கு அலகு) மதிப்பு வரையுள்ள சிறு பொட்டலத்துக்கு சி.என்.22 படிவம், அதற்கு மேலும் பார்சல்களுக்கும் சி.என்.23. இப்போது பெரும்பாலும் இந்த விவரங்களை முன்னதாகவே மின்னியல் முறையில் பதிந்தாக வேண்டும், ஏனெனில் பார்சல் விமானம் ஏறுமுன்பே தகவல் போய்ச் சேர வேண்டும் என்று பல நாடுகள் விதித்துள்ளன. 'பழைய சாமான்' என்று மொட்டையாக எழுதினால் அதிகாரி பெட்டியைப் பிரித்துப் பார்க்க நேரிடும்; பிரித்ததை உங்களைப் போல் அவர் அக்கறையோடு திரும்பக் கட்டப்போவதில்லை. 'பயன்படுத்திய எனாமல் பூசிய இரும்பு உணவு அடுக்கு, ஒன்று' என்று ஆங்கிலத்தில் எழுதி, எடையையும் விலையையும் குறிப்பிடுங்கள். சுங்கக் குறியீட்டு எண்ணில் எனாமல் பூசிய இரும்பு வீட்டுப் பாத்திரம் 7323.94-இல் வரும், செம்பு, பித்தளை வீட்டுப் பாத்திரங்கள் 7418-இல் வரும், விளக்குகள் 9405-இல் வரும். 9706 என்ற எண் 100 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளுக்கு உரியது. வயதை நிரூபிக்க ஆவணம் இல்லாமல் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

உற்பத்தி நாடு என்ற கட்டத்திலும் கவனம் வேண்டும். பொருள் எங்கிருந்து புறப்படுகிறது என்பதை அது கேட்கவில்லை. எங்கே செய்யப்பட்டது என்பதையே கேட்கிறது. கேரியரின் அடியில் முத்திரை இருந்தால் பாருங்கள். சீனாவில் செய்யப்பட்டது என்றால் சீனா என்றே எழுத வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு இதனால் தொல்லை இல்லை. அமெரிக்காவுக்கு அனுப்பும்போது வரி இதைப் பொறுத்தே அமையும். 800 டாலர் வரையுள்ள பொருள்களுக்கு அமெரிக்கா தந்துவந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டுவிட்டதால், அங்கே அனுப்புவதாக வாக்குக் கொடுக்குமுன் அன்றைய நிலையில் எந்தச் சேவை பார்சலை ஏற்கிறது, வரியை யார் எப்போது கட்டுவது என்பதை முகப்பில் விசாரித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: அங்கு 400 சிங்கப்பூர் வெள்ளிக்குட்பட்ட பொருள்களுக்கும் 2023 ஜனவரி 1 முதல் பெரிய தளங்கள் ஜி.எஸ்.டி. பிடிக்கின்றன, அது இப்போது 9 விழுக்காடு.

ஆஸ்திரேலியாவின் உயிரியல் பாதுகாப்புச் சோதனைதான் உங்கள் பார்சலுக்கு உண்மையான தடைக்கல். மண், விதை, வைக்கோல், உணவு மிச்சம், பூச்சி அரித்த மரம் ஆகிய எதையும் அவர்கள் உள்ளே விடுவதில்லை. நம் பட்டணத்தில் பார்சல் கட்டுவோர் பசாரில் கிடைக்கும் ஆப்பிள் பெட்டியையும் முட்டை அட்டையையும் எடுத்துக்கொள்வது வழக்கம். பழம், காய்கறி, முட்டை வைத்திருந்த பெட்டிகளை அங்கே அனுப்பவே கூடாது. புதிய அட்டைப் பெட்டி வாங்குங்கள். கேரியர் பிடியிலுள்ள மரக்கட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஊசிமுனை அளவுத் துளையும், தட்டினால் மாவுபோல் உதிர்வதும் இருந்தால் அதில் பூச்சி இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் கட்டையைக் கழற்ற முடியுமானால் கழற்றிவிட்டு, அதை விளம்பரத்திலும் தெரிவித்துவிட்டு அனுப்புங்கள். விளக்கின் அகல் பள்ளத்தில் கரிந்த திரி ஒட்டியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பின்னாளில் பால் வாளியோ மரத்தில் பால் வடியும் கிண்ணமான பால் மங்கோ அனுப்ப நேர்ந்தால், அடியில் உறைந்த கித்தாப் பாலையும் ஒட்டிய மண்ணையும் முற்றாக உரித்து எடுக்க வேண்டும்.

மறுமொழி — கூலிம் வாசகி

தங்கைக்கு வணக்கம். நானும் கெடாவில் இதே தொழிலைச் செய்கிறேன். அனுப்புவதைப் பற்றி இருவரும் எழுதிவிட்டதால், வாங்கும் இடத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

வீடு மாறும் பெரியவர்களிடம் இரும்பு எடை விலையைக் கொடுத்துவிட்டு, அதே பொருளைப் பன்மடங்கு விலைக்கு விற்பது சட்டப்படி குற்றமில்லை என்றாலும், நம் ஊரில் நீடித்துத் தொழில் செய்ய விரும்புபவருக்கு அது தகாது. நான் என்ன விலைக்கு விற்கக் கூடும் என்பதை அவர்களிடமே சொல்லி, அதில் ஒரு பங்கைப் பேசிக் கொடுக்கிறேன். எனக்கு லாபம் குறைகிறது. ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டி தம் பரணில் உள்ளதை வேறு யாரிடமும் காட்டாமல் எனக்குச் சொல்லி அனுப்புகிறார். மகனோ மகளோ வீட்டில் இல்லாத நேரத்தில் பெரியவர்களிடம் எதையும் வாங்குவதில்லை. பிற்பாடு பிள்ளைகள் வந்து, அது எங்கள் அம்மாவின் சீர்வரிசை என்று கேட்டால், மெல்பர்னுக்குப் போன பொருளை எங்கிருந்து திருப்பிக் கொடுப்பது? வாங்கும்போது அப்பொருள் எந்தத் தோட்டத்தில் இருந்தது, யார் பயன்படுத்தினார்கள், எதற்குப் பயன்பட்டது என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சம்மதித்தால் ஆள் பெயரை விடுத்துத் தோட்டத்தின் பெயரையும் காலத்தையும் விளம்பரத்தில் சேர்க்கலாம். மெல்பர்ன் அம்மையார் போன்றவர்கள் தேடுவது அதைத்தான்.

சில பொருள்கள் கைக்கு வந்தாலும் தொடாதீர்கள். புலிநகச் சங்கிலி நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. தந்தத்தில் செய்த சிறு சிலையும் எப்போதாவது வரும். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 2008-ஆம் ஆண்டு அருகிவரும் உயிரினங்களின் அனைத்துலக வாணிபச் சட்டமும் இவற்றுக்குப் பொருந்தும். பொன்னில் கட்டியது என்பதால் நகம் நகையாகிவிடாது. கைவிடப்பட்ட தோட்டத்துக் கோயில்களின் சிலை, மணி, வேல் போன்றவற்றையும் யாராவது கொண்டுவந்தால் வாங்க வேண்டாம். அவை யாருடையவை என்பதே முதலில் தீர வேண்டிய கேள்வி. மரபுப் பொருளாகக் கருதப்படக் கூடியதை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின்கீழ் உரிமம் தேவைப்படும். சந்தேகம் எழுந்தால் தேசிய மரபுடைமைத் துறையிடம் படம் அனுப்பிக் கேட்டுவிடலாம். வீட்டு டிபன் கேரியருக்காக நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

தொழிலாகச் செய்வதாக எழுதியிருப்பதால், எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் என்றால் 60 ரிங்கிட். பழைய பொருள் வாங்கி விற்போருக்கென்று 1946-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் உள்ளது. அதன்கீழ் உங்களுக்கு உரிமம் தேவையா என்பதை மாவட்டக் காவல் நிலையத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். யாரிடம் எப்போது எதை வாங்கினீர்கள் என்ற குறிப்பேடு ஒன்றை இன்றிலிருந்தே எழுதத் தொடங்கினால், வருமான வரிக்கும் அது உதவும், திருட்டுப் பொருள் என்ற பேச்சு எழுந்தாலும் உங்களைக் காப்பாற்றும்.

கேள்வி கேட்டவரின் பதில் — சுங்கை சிப்புட் வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பிடியிலுள்ள மரக்கட்டையைப் பார்த்தேன். துளை எதுவும் இல்லை, தட்டினாலும் உதிரவில்லை. கேரியரின் அடியில் சீன எழுத்தில் முத்திரை இருக்கிறது. ஆகவே உற்பத்தி நாட்டைச் சரியாகவே குறிப்பிடுவேன். அன்பளிப்பு என்று எழுத இயலாது என்பதையும் காரணத்தோடு அந்த அம்மையாருக்குத் தெரிவித்துவிட்டேன். அவர் முழு மனத்தோடு ஒப்புக்கொண்டார்.

இன்னும் ஒரே ஓர் ஐயம். அவர் ஈபே கட்டணத்தைத் தவிர்க்க நேரடியாகப் பேபாலில் பணம் அனுப்புவதாகச் சொல்கிறார். பொருள் உடைந்து போய்ச் சேர்ந்தாலோ, படத்தில் பார்த்ததுபோல் இல்லை என்று சொன்னாலோ நான் என்ன செய்ய வேண்டியிருக்கும்? அந்தக் கேரியரில் உணவு வைத்துச் சாப்பிடலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

மறுமொழி — தைப்பிங் பழம்பொருள் வணிகர்

உணவைப் பற்றிய கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். பழைய எனாமல் நிறங்களில் ஈயமும் காட்மியமும் கலந்திருக்கக் கூடும்; அதிலும் எனாமல் பெயர்ந்த பாத்திரம் என்பதால் அலங்காரத்துக்கு மட்டும் என்று எழுத்தில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவர் நெருக்கமாகப் பழகினாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பேபாலில் வாங்கலாம். ஆனால் பொருளுக்கான கட்டணம் என்ற முறையில்தான் பணம் வர வேண்டும். நண்பர், குடும்பத்தினர் என்ற முறையில் அனுப்பினால் கட்டணம் மிச்சமாகும் என்று பலர் சொல்வார்கள். அந்த முறையில் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. பேபாலின் பரிவர்த்தனைப் பக்கத்தில் காட்டும் முகவரிக்கே அனுப்புங்கள். பிறகு குறுஞ்செய்தியில் வேறு முகவரி தந்தால், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிதாக அனுப்பச் சொல்லுங்கள். இந்த அம்மையாரைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. எல்லா வாங்குபவருக்கும் ஒரே நடைமுறையை வைத்துக்கொண்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. பேபாலில் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள் வரை வாங்குபவர் முறையீடு செய்யலாம் என்பதால் டிராக்கிங் எண்ணையும் அஞ்சல் ரசீதையும் அதுவரை பத்திரப்படுத்துங்கள். ஈபேயில் பொருள் விவரித்தபடி இல்லை என்று நிலைநாட்டப்பட்டால், திருப்பி அனுப்பும் செலவும் விற்பவர் தலையில் விழும். மெல்பர்னிலிருந்து ஒரு பார்சல் திரும்பி வருவதற்கான செலவில் உங்கள் லாபம் முழுவதும் போய்விடும்.

அதனால் குறைகளை மறைக்காமல் காட்டுவதே விற்பவருக்குப் பாதுகாப்பு. எனாமல் பெயர்ந்த இடத்தின் அருகில் பத்து காசு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். அளவு யாருக்கும் விளங்கும். நான்கு அடுக்குகளின் உட்புறம், அடிப்புறம், விளிம்பு, பிடியின் கொக்கி, மூடி ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் தனித்தனியே எடுத்து, பணம் வாங்குமுன்பே அவருக்கு அனுப்பிச் சம்மதம் பெறுங்கள். விளக்கை நிமிர்த்தி வைத்தால் ஆடுகிறதா என்பதையும் பாருங்கள். பாதம் நெளிந்திருந்தால் அதையும் எழுத வேண்டும். கட்டும்போது ஒவ்வொரு நிலையிலும் படம் எடுத்து வைத்துக்கொண்டால், உடைந்ததற்குக் காப்புறுதி கேட்கும்போது சரியாகக் கட்டினோம் என்பதற்கு அதுவே ஆதாரம். உடைந்து சேர்ந்தால் பெட்டியையும் உள்ளே இருந்த மெத்தைகளையும் தூக்கி எறியாமல் வைத்திருந்து படம் எடுக்குமாறு அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டையும் ஒரே பெட்டியில் அனுப்பாதீர்கள். பித்தளை விளக்கின் கனம் எனாமலை நொறுக்கிவிடும். ஒன்று தடுத்து வைக்கப்பட்டால் மற்றதும் அதோடு நிற்கும். விளக்கு கழற்றிய நிலையில் 2 கிலோவுக்குள் வந்தால் சிறு பொட்டலமாகவே போகலாம். இரண்டு பெட்டிகளையும் கட்டிய பிறகு அளவுகளையும் எடைகளையும் இங்கே பதியுங்கள். மெல்பர்னுக்கு எந்தச் சேவையில் கட்டணம் குறைகிறது என்று பார்த்து எழுதுகிறேன்.